பாலூட்டும் தாய்க்கு ஓய்வு வந்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் தயங்கினோம். கோயில் வரலாறும் புலவர் வரலாறும் எழுதும் புலமை நமக்கில்லை. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகமொன்றில் எழுத்தராய்க் காலந்தள்ளி வருகிறோம். நமக்கு நன்கு தெரிந்தது ஊழியர்களின் லீவுக் கணக்கு ஒன்றே. எனினும் அக்கணக்குப் புத்தகத்துள்ளும் ஒரு வரலாறு ஒளிந்து கிடக்கிறது. அதனை அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

2004-ஆம் ஆண்டு நாம் பணியிற் சேர்ந்தபோது, மகப்பேற்று விடுப்பு என்ற தலைப்பின்கீழ் 135 நாள் என்று எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மூத்த பெண் ஊழியர்களின் பழைய ஏடுகளைப் புரட்டினால் அங்கே 90 நாள் என்றிருக்கும். 2008 செப்டம்பர் முதல் நாளிலிருந்து அது 180 நாள் ஆயிற்று. இன்று கணக்கு கணிப்பொறிக்குள் போய்விட்டது. எண் மட்டும் 180 ஆகவே நிற்கிறது. 90, 135, 180 என்று இவ்வெண் வளர்ந்தது யாங்ஙனம்? அதன் பின்னே நின்று போராடியவர் யாவர்? இவ்வோய்வுக்கும் பச்சிளங் குழந்தை பருகும் பாலுக்கும் உள்ள தொடர்பு யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாய்வீடு தந்த விடுப்பு

சட்டம் தோன்றுமுன்பே நம் முன்னோர் மகப்பேற்று விடுப்பு ஒன்றை வகுத்திருந்தனர். அதற்குத் தலைப்பிரசவம் என்று பெயர். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆன பிறகே புகுந்த வீட்டுக்கு அனுப்புவர். அதுகாறும் அவள் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: பிள்ளைக்குப் பால் கொடுப்பது. பத்திய உணவும் பகலுறக்கமும் கைக்குதவியும் தாய்வீட்டார் பொறுப்பு.

இவ்வழக்கத்திலும் குறையுண்டு. பிறந்த குழந்தைக்கு முதலில் சருக்கரைத் தண்ணீரோ தேனோ சேனை தொட்டு வைத்து, சீம்பாலைப் பிழிந்து கொட்டிய வீடுகள் பல. அச்சீம்பாலே நோயெதிர்ப்பு ஆற்றல் மிக்கது என்று மருத்துவ நூலோர் இன்று உறுதியாய்க் கூறுகின்றனர். ஆயினும் தாய்க்கு ஓய்வு வேண்டும், தாயும் சேயும் பிரியலாகாது என்ற இரண்டையும் நம் முதியோர் அறிந்திருந்தனர்.

தாய்ப்பாலின் இயல்பும் அதுவே. குழந்தை உறிஞ்சுவதனாலேயே பால் சுரக்கிறது. உறிஞ்சுந்தோறும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் நீரைச் சுரந்து பாலை உண்டாக்கச் செய்கிறது. ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு நீர் அப்பாலை வெளிப்படச் செய்கிறது. பால் நெடுநேரம் மார்பிலேயே தேங்குமாயின் உடல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இறைத்த கிணறு ஊறும் என்னும் பழமொழி ஈண்டு முற்றும் பொருந்தும். ஆகவே, பிள்ளை பெற்ற சில வாரங்களில் நாள் முழுதும் வெளியே வேலைக்குப் போகும் தாயிடம் பால் வற்றுவது அவள் குற்றமன்று. இயற்கையின் கணக்கு அது.

ஆலைத் தொழிலும் அபினி உருண்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டில் பஞ்சாலைகள் பெருகின. பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைச் சங்கு ஊதிற்று. நாம் வாழும் இந்த நாகபுரியில் 1877-ஆம் ஆண்டு ஜாம்ஷெட்ஜி டாட்டா எம்ப்ரஸ் ஆலையைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான பெண்கள் நூல் சுற்றும் பகுதிகளில் வேலைக்கு அமர்ந்தனர். வயலில் வேலை செய்தபோது வரப்போரத்து மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்தலாம். அழுதால் ஓடிவந்து பால் கொடுக்கலாம். ஆலையின் வாயிற்கதவு அதற்கு இடந்தரவில்லை.

வீட்டில் விட்டு வந்த பிள்ளை பசித்து அழுமே, என் செய்வது? பம்பாயில் பாலகோலி என்ற பெயரில் அபினி கலந்த சிற்றுருண்டைகள் விற்கப்பட்டன. அவற்றைப் புகட்டிக் குழந்தையை உறங்கவைத்துவிட்டுத் தாய்மார் வேலைக்குச் சென்றனர். பம்பாய் அரசாங்கம் அமர்த்திய பெண் மருத்துவர் ஒருவர் 1922-ஆம் ஆண்டிலேயே இக்கொடுமையை அறிக்கையில் எழுதினார். அத்தாய்மாரைப் பழிப்பது எளிது. மாற்று வழி ஒன்றும் அவர்களுக்கு இல்லை என்பதே உண்மை.

வாஷிங்டன் மாநாடு

முதல் உலகப் போர் முடிந்தபின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தோன்றிற்று. அதன் முதல் மாநாடு 1919-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் கூடியது. இந்தியத் தொழிலாளர் சார்பில் அதில் கலந்துகொண்டவர் என். எம். ஜோஷி. அம்மாநாடு நிறைவேற்றிய மூன்றாவது உடன்படிக்கை மகப்பேறு பற்றியது. பிரசவத்துக்குமுன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் ஓய்வு, அக்காலத்துக்கு உதவித் தொகை, வேலைக்குத் திரும்பியபின் பால் கொடுப்பதற்காக நாளைக்கு இருமுறை அரைமணி நேரம் என்று அது விதித்தது. உதவித் தொகை பொதுப்பணத்திலிருந்தோ காப்பீட்டு முறையாலோ வரவேண்டும் என்றும் கூறியது. அன்பர்கள் இக்கடைசி விதியை நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம். கட்டுரையின் முடிவில் அது நமக்குப் பயன்படும்.

அன்றைய இந்திய அரசாங்கம் அவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை. ஜோஷி சோர்ந்துவிடவில்லை. 1924-ஆம் ஆண்டு மத்திய சட்டசபையில் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நம் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்குத் தத்தம் ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள், அவர்களுக்குச் சட்டம் எதற்கு என்பது அக்காலத்தில் எழுந்த வாதங்களுள் ஒன்று. தாய்வீட்டு வழக்கமே தாய்க்கு எதிரான வாதமாகிவிட்டது காண்க! ஊருக்குப் போனவள் கூலியில்லாமல் எத்தனை நாள் தங்கமுடியும் என்று கேட்பாரில்லை. 1925-இல் மசோதா தோற்றது.

பம்பாயும் நாகபுரியும்

மத்தியில் தோற்றது மாகாணங்களில் வென்றது. 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டசபையில் மகப்பேற்று உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனைப் பொறுத்தது, ஆதலின் அச்செலவில் அரசாங்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு, அவளது உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் பங்கேற்கவேண்டும் என்பது அவர் கருத்து.

1929-இல் பம்பாய்ச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே, 1930-இல், நாகபுரியைத் தலைநகராகக் கொண்டிருந்த மத்திய மாகாணம் தன் சட்டத்தை இயற்றியது. நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இந்நகரத்து வீதிகளில், ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவி அத்துணை முன்னரே சட்டமாயிற்று என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? சென்னை மாகாணம் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வழியிற் சேர்ந்தது. இடையே 1931-இல் விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் கமிஷன் தன் அறிக்கையில், நாடெங்கும் இத்தகைய சட்டமும், பெண்கள் மிகுதியாய் உழைக்கும் ஆலைகளில் குழந்தைக் காப்பிடமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுரங்கப் பெண்களுக்கு 1941-இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலையடைந்ததும் சட்டங்கள் விரைந்து வந்தன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைக் காப்பிடம் அமைக்கச் சொன்னது. தாய்மார் வேண்டிய இடைவேளைகளில் வந்து பாலூட்ட வசதி செய்யவும் வழிவகுத்தது. அவ்வெண் 1976-இல் முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கும் காப்பிடத்தைக் கொண்டுசென்றது. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்குவது, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிற்று. முதலாளிகளும் தொழிலாளரும் செலுத்தும் சந்தா ஒரு பொது நிதியாகிறது. பேறுகாலத் தொகை அந்நிதியிலிருந்து வருகிறது.

1961 டிசம்பரில் நாடு முழுமைக்குமான மகப்பேற்று நலச் சட்டம் பிறந்தது. பன்னிரண்டு வாரம் ஊதியத்துடன் ஓய்வு. அதன்பின் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கு நாளைக்கு இரண்டு இடைவேளை. சுரங்கங்களுக்கான விதிகளில் ஒவ்வோர் இடைவேளையும் பதினைந்து நிமிடம் என்று குறிக்கப்பட்டது. 1919-இல் வாஷிங்டன் கேட்டதோ அரைமணி. வீடு இரண்டு மைல் தள்ளியிருந்தால் பதினைந்து நிமிடத்தில் தாய் பாதி வழிகூடப் போகமுடியாது. காப்பிடம் அருகிலிருந்தால் மட்டுமே அவ்விதி உயிர்பெறும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஈ.எஸ்.ஐ. எட்டாத இடங்களில் விடுப்புக்கால ஊதியத்தை அந்தந்த முதலாளியே தனியாய்ச் சுமக்கவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போ, 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், தனி முதலாளி ஒருவர்மேல் இச்சுமையை ஏற்றவே கூடாது என்று விதித்திருந்தது. காரணம் எளிது. ஒருவர் தோளில் முழுச்சுமையும் விழுமாயின், அவர் மணமான பெண்ணை வேலைக்கு வைக்கவே தயங்குவார். பலர் சேர்ந்து சுமந்தால் யாருக்கும் பாரமில்லை.

புட்டிப்பாலும் ஆறு மாதமும்

தாய்க்கு விடுப்பு குறைந்த இடத்தில் டப்பாப் பால் நுழைந்தது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெருமாட்டி, 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஆற்றிய உரையொன்றில், தாய்ப்பாலை விடுவித்துப் புட்டிப்பாலைப் புகுத்தும் வணிகத்தைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். தூய நீரும் எரிபொருளும் இல்லாத குடிசையில், விலையைக் கருதி நீர்த்துக் கலக்கிய பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைத் தருகிறது. 1981-இல் உலக சுகாதாரப் பேரவை இவ்விளம்பரங்களைக் கட்டுப்படுத்த நெறிமுறை வகுத்தது. நம் நாடு 1992-இல் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தால் டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யலாகாது. டப்பாவின்மேல் கொழுகொழுவென்ற குழந்தையின் படமும் போடலாகாது.

ஆனால் விளம்பரத்தைத் தடுத்துவிட்டால் மட்டும் தாய் வீட்டிலிருந்து பாலூட்டிவிட முடியுமா? 2001-இல் உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதம் தண்ணீரும் வேண்டா, தாய்ப்பால் ஒன்றே போதும் என்று அறிவித்தது. அப்போது நம் சட்டம் தந்த ஓய்வு பன்னிரண்டு வாரம். மருத்துவர் ஆறு மாதம் என்றார். சட்டம் மூன்று மாதத்திற்குள் வேலைக்கு வா என்றது. இவ்விரண்டுக்கும் இடையில் தாய் அகப்பட்டுத் தவித்தாள். மத்திய அரசு ஊழியர்க்கு 2008-இல் இவ்விடைவெளி அடைபட்டது. பிறர்க்கு 2017-இல் அடைபட்டது: முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இருபத்தாறு வாரம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பிடம், நாளைக்கு நான்கு முறை தாய் அங்குச் சென்றுவர உரிமை. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருபத்தாறு வாரமும் பாலூட்டும் இடைவேளையும் அதில் தொடர்கின்றன.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பருகியோர் 2005-06-இல் நூற்றுக்கு 46, 2015-16-இல் 55, 2019-21-இல் 64. மருத்துவமனைப் பிரசவமும் கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களின் அறிவுரையும் இவ்வுயர்வுக்குப் பெரிதும் காரணம். விடுப்புச் சட்டத்துக்கு முழுப்புகழையும் தருவது நேர்மையாகாது. ஏனெனில் நம் நாட்டில் உழைக்கும் பெண்களில் மிகச் சிலரே லீவுக் கணக்கில் பெயருடையவர்கள்.

கணக்கில் இல்லாத தாய்

இவ்விடத்தில் நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்ல நாணுகிறோம், எனினும் மறைத்தல் முறையன்று.

2013-ஆம் ஆண்டு நமக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். நம் மனைவியின் தாயார் தஞ்சைப் பக்கத்திலிருந்து இரயிலேறி வந்து மூன்று திங்கள் தங்கினார். பூண்டுக் குழம்பும் பத்தியமும் குறைவின்றி நடந்தன. அப்போது நம் வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு பெண்மணி வந்துகொண்டிருந்தார். இவ்வூர் வழக்கப்படி பாயி என்றே அவரை அழைத்தோம். அவரும் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தார். பிரசவத்துக்கு வராத நாட்களுக்கு நாம் சம்பளம் தரவில்லை. அவர் வேலைபார்த்த ஆறு வீட்டாரும் தரவில்லை. இருபத்திரண்டாம் நாள் அவர் வேலைக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் முற்பகல், தொட்டிலில் கிடந்த நம் மகள் பசித்து வீறிட்டாள். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பாயி சட்டென்று துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவருடைய ரவிக்கை முழுதும் நனைந்துவிட்டது. எந்தப் பிள்ளை அழுதாலும் பாலூட்டும் தாய்க்குப் பால் கசியும் என்று மாமியார் பிறகு விளக்கினார். "உன் பிள்ளை எங்கே?" என்று மனைவி கேட்டார். "வீட்டில் இருக்கிறது, வஹினி. மூத்தவள் புட்டியில் கொடுப்பாள்" என்றார். மூத்தவளுக்கு வயது எட்டு.

இரண்டாம் மாதத்திலேயே அவருக்குப் பால் வற்றியது. பிள்ளை வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் கிடந்து, தெய்வாதீனமாய்ப் பிழைத்தது. அந்த மாதங்களில்தான் நாம் அலுவலகத்தில் அமர்ந்து, பெண் ஊழியர் ஒருவர்க்கு 180 நாள் முழு ஊதிய விடுப்பைச் சிவப்பு மையால் கோடிட்டுப் பதிவு செய்தோம். இரண்டு தாய்மாரையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் எண்ணம் நமக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டிலே நாமும் ஒரு முதலாளி என்பதை மறந்திருந்தோம்.

2000-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் நாட்கூலிக்கு உழைத்த பெண்களுக்கும் மகப்பேற்று உதவி உண்டு என்று தீர்ப்பளித்தது. சாலை போடும் பெண்ணுக்காவது மஸ்டர் ரோல் உண்டு. ஆறு வீட்டில் பாத்திரம் துலக்குபவர்க்கு எந்த ரோல்? இருபத்தாறு வார விடுப்பு அவரை எட்டவில்லை. 2017 முதல் மத்திய அரசு முதற்குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் திட்டம், 2018-இல் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் என உயர்த்தப்பட்டது. இவை போற்றத்தக்கவை. ஆயினும் ஆறு மாதக் கூலிக்கு இவை ஈடாகா.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஆகவே, வரலாறு கற்பித்த பாடத்தை நம் குடியிருப்பிலேயே நடத்திப் பார்க்கலாகாதா? தனியொருவர் சுமக்கலாகாது, பலர் சேர்ந்து சுமக்கவேண்டும் என்பதே 1919 முதல் சொல்லப்பட்டுவரும் நெறி. நாம் எழுத்தராதலின் கணக்கையும் போட்டு வைத்துள்ளோம். ஆறு வீட்டில் வீட்டுக்கு 1,500 ரூபாய் வீதம் வேலைபார்ப்பவரின் மாத வருவாய் 9,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 54,000. நம் சங்கத்தில் 90 குடும்பங்கள் உள்ளன. குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய் சேர்ந்தால் ஓராண்டில் 54,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு ஒரு தாய் ஆறு மாதம் தன் பிள்ளையோடிருக்க இது போதும். நூறு ரூபாயாயின் இரண்டு தாய்மார். நாமறிந்த வரையில் நம் வீடுகளில் வேலைபார்ப்போருள் ஆண்டுக்கு இருவருக்குமேல் பிள்ளைபெறுவதில்லை. விடுப்புக் காலத்தில் மாற்றாக வருபவர்க்கு அந்தந்த வீட்டார் வழக்கமான சம்பளத்தைக் கொடுப்பர். ஆதலின் எந்த வீட்டுக்கும் இரட்டைச் செலவில்லை.

மொழி வேறு, ஊர் வேறு என்று நினைப்பாரும் இருக்கலாம். தாய்வீட்டை விட்டு எழுநூறு மைலுக்கு அப்பால் வந்து பிழைக்கும் நமக்கு, தாய்வீடு இல்லாத பேறுகாலத்தின் அருமை தெரியாதா? நம் பெண்களுக்குத் தாய்வீடு செய்ததை, நமக்காக உழைக்கும் பெண்களுக்கு நம் சங்கம் செய்யட்டும்.

அந்தப் பாயி இன்றும் நம் குடியிருப்பில் வேலைபார்க்கிறார். அவர் மகன் நம் மகளின் வயதினன், பள்ளியில் படிக்கிறான். அவருக்கு நாம் தரவேண்டிய ஆறு மாதச் சம்பளத்தைச் சென்ற தீபாவளியன்று மனைவி கையால் கொடுத்தோம். காலங்கடந்த கடன் அது. பாலாக அது திரும்பி வராது. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இவ்விண்ணப்பத்தை முறைப்படி வைக்க எண்ணியுள்ளோம். அன்பர்களும் தாய்மார்களும் தவறாது வந்திருந்து, தத்தம் கருத்தைச் சொல்லி, ஆவன செய்ய வேண்டுகிறோம்.